கழுத்தில் ஈரத்துண்டு

வருகிற சித்திரையில் நாம் எல்லோருமாகக் கடற்கரைக் கோயில்களுக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. வேன் பேசியாயிற்று. காலையில் கிரிவலப் பாதையில் நடக்கும் நம் கூட்டத்தில் அறுபதுக்குக் கீழே யாரும் இல்லை என்பதால், என்ன உடுத்துவது, பையில் என்ன வைப்பது என்ற பேச்சே ஒரு வாரமாக ஓடுகிறது. நம் வாட்சப் குழுவில் ஒருவர், முழுக்கை உடுப்பு, கஞ்சி போட்ட பருத்தி, கழுத்தில் எந்நேரமும் ஈரத்துண்டு என்று எழுதியிருந்தார். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். நான் பதில் போடவில்லை. அங்கே எழுதினால் நீண்டுவிடும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேவையானதைச் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னது நம் ஊர் வெயிலுக்குச் சரி. கடலோரத்துக்குச் சரியில்லை. அங்கே மெல்லிய பருத்தி வேண்டும், தொளதொளவென்று இருக்க வேண்டும். கழுத்தும் அக்குளும் காற்று வாங்க வேண்டும். கஞ்சி வேண்டவே வேண்டாம். உள்ளாடை வழக்கத்தைவிட ஜாஸ்தியாக எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் துவைத்தது காயாது. துண்டு காய்ந்ததாக இருக்கட்டும், துடைத்ததும் உலர்த்துங்கள். ஒரு பவுடர் டப்பா. ஈரத்துணி போட்டு வைக்கத் தனிப் பை. வேலை இவ்வளவுதான். அவசரமாகப் பை கட்டுகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு, என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

வருடத்தைச் சொல்ல மாட்டேன். நான் தேதிகளைக் குறித்து வைப்பவள் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் சொன்னால் உங்களில் பழைய ஊர்க்காரர்கள் கணக்குப் போட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மாதங்கள் போதும். கத்திரி தொடங்கிய வாரம், வெள்ளிக்கிழமை. எனக்குப் பள்ளி விடுமுறை. அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர். நிச்சயத்தன்று அவர் சட்டைப்பையில் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. அக்கா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். அவர்கள் இருவருக்கும் இடையில் நடந்ததாக எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

கடலூரில் இருந்த பெரியம்மாவின் மகளுக்குப் பிரசவ நேரம். கூடமாட உதவிக்கு அக்காவை ஒரு மாதம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். துணைக்கு நான். கல்யாணம் ஆகிப் போவதற்குள் கடலைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று அம்மாவும் சொன்னாள்.

பெட்டி கட்டியது அப்பா. அவர் கோர்ட்டில் குமாஸ்தா. மற்ற விஷயங்களில் சாதுவான மனிதர், வெயில் விஷயத்தில் மட்டும் யார் பேச்சும் எடுபடாது. "நெருப்பே சாமியா நிக்கிற ஊர்ல பொறந்தவன் நானு. எனக்கு வெயிலுக்கு வழி சொல்றியா?" என்பார். அவர் வழி தவறு என்று சொல்ல முடியாது. மலைப்பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகு தெருவுக்குத் திருப்பிவிடும் ஊர் இது. காற்று அடித்தால் அடுப்பங்கரைக்குள் முகத்தை நீட்டியது போல இருக்கும். அந்தக் காற்று தோலில் படாமல் மூடிக்கொள்ள வேண்டும். துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டால் கடைத்தெரு போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடும், காய்கிற நேரமெல்லாம் ஜில்லென்று இருக்கும். சித்திரை பிறந்தால் எங்கள் வீட்டில் எல்லோர் கழுத்திலும் ஈரத்துண்டு கிடக்கும்.

தகரப் பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்து, அம்மா எடுத்து வைத்ததை அப்பா ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

"மெல்லிசு பொடவைங்க எதுக்கு? வெயில் உள்ள எறங்கும். கஞ்சி போட்ட கனத்த பொடவையா வையி."

"கல்யாணப் பொண்ணாச்சேங்க," என்றாள் அம்மா. "நாலு பேர் எதிர்ல மூட்ட மாதிரி நிக்கணுமா?"

"மூட்டையா நின்னா நின்னுட்டுப் போவுது. கருத்துப் போயி வந்தா உங்க அக்காவா பதில் சொல்லுவா? இது இன்னா, பவுடரு? போற எடத்துல நாடகமா போடறாங்க?" பவுடர் டப்பா அலமாரிக்குத் திரும்பியது.

அக்காவிடம் இருந்ததெல்லாம் அரைக்கை ஜாக்கெட். முழுக்கை ஜாக்கெட் எங்கள் வீட்டில் ஒருவரிடம்தான் இருந்தது. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை. அவளுக்கு முழங்கையிலிருந்து விரல் நுனிவரைக்கும், பிறகு கழுத்திலும், உதட்டோரத்திலும், தோல் வெளுத்திருந்தது. வெண்புள்ளி நோய். கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் கணவன் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து எங்களோடுதான் இருந்தாள். எந்த வெயிலிலும் மணிக்கட்டுவரை இறங்கிய, கழுத்து உயர்ந்த ஜாக்கெட்தான் போடுவாள்.

"உன்னுது ரெண்டு குடு," என்று அப்பா கேட்டதும் அவள் பின்வாங்கினாள்.

"வேணாம்ணா. என் துணிய அவ போட்டா யாராவது எதனா சொல்லுவாங்க."

"யாரு இன்னா சொல்லப் போறாங்க? ஒட்டுற வியாதி இல்லன்னு எத்தன டாக்டர் சொல்லிட்டாங்க. குடு."

அத்தை கொண்டுவந்து கொடுத்தாள். மடிப்புக் கலையாமல் இருந்தன. அவற்றின் மேல் அப்பா இரண்டு துண்டுகளை வைத்து, அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "எப்பவும் நனைச்சு கழுத்துல இருக்கணும். மறந்துடக் கூடாது, இன்னா?"

"சரிப்பா," என்றாள் அக்கா.

அவள் சொன்ன பேச்சு கேட்பவள். எங்கள் வீட்டில் அது பெரிய நற்குணமாகக் கருதப்பட்டது.

வேட்டவலம் வருவதற்குள் எங்கள் துண்டுகள் காய்ந்துவிட்டன. கூஜாவில் இருந்த தண்ணீரை ஊற்றி மறுபடி நனைத்துக்கொண்டோம். விழுப்புரத்தில் பஸ் மாறினோம். அதற்குப் பிறகு துண்டு காயவில்லை. பஸ் வேகமாகத்தான் போயிற்று, காற்றும் முகத்தில் அடித்தது, ஆனால் துண்டு கழுத்தில் செத்த மீன் போலக் கிடந்தது. நான் எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். அக்கா கட்டவில்லை. இதைப் பல வருடங்கள் கழித்து, காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வேறு ஈரம் அதில் ஏறாது என்று ஒரு புத்தகத்தில் படித்தபோது நினைத்துக்கொண்டேன். விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் அப்பாவின் அறிவு செல்லாது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

பெரியம்மா வாசலில் எங்களைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னாடி இது, மார்கழிக்குக் கெளம்பி வந்த மாதிரி! கழட்டுடி முதல்ல."

"அப்பா சொல்லியிருக்காரு பெரியம்மா."

"உங்கப்பன ரெண்டு நாளு இங்க வந்து நிக்கச் சொல்லு. பல்லியாட்டம் சுவத்துல ஒட்டிக்குவான்."

இரண்டாம் நாளே அக்காவின் கஞ்சிப் புடவை தொய்ந்து, புளித்த சோற்று வாடை அடித்தது. அக்கா மறுபடி துவைத்தாள். அது மறுநாளும் காயவில்லை. பாதி ஈரத்தோடு கட்டிக்கொண்டாள். ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் துண்டு. பிரசவித்தவளுக்கு வெந்நீர் வைத்தாள், குழந்தையின் துணிகளை அலசினாள், சமைத்தாள். "அந்தத் துண்டுல ஒருநாளு நண்டு குஞ்சு பொரிக்கப் போவுது, பாத்துக்கினே இரு," என்று பெரியம்மா தினமும் ஒரு தடவையாவது சொல்வாள். அக்கா சிரிப்பாள். சிரித்துவிட்டு, துண்டைப் பிழிந்து மறுபடி கழுத்தில் போட்டுக்கொள்வாள்.

என் துண்டு முதல் வாரமே கடலில் போய்விட்டது. அலை வந்து எடுத்துக்கொண்டது என்று சொன்னேன். பெரியம்மா தன் பேத்தியின் பழைய கவுன் ஒன்றைக் கொடுத்தாள், கையில்லாதது. அந்த மாதம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். எனக்கு வேர்க்குரு வந்தது, போயிற்று. அவ்வளவுதான்.

வைகாசி முடிவில் ஊர் திரும்பினோம். மறுநாள் காலை, அம்மா அக்காவுக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தாள். தலைமுடியை மேலே தூக்கியவள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு என்னிடம், "அப்பாவ கூப்புடு," என்றாள்.

அக்காவின் பிடரியிலும், கழுத்தைச் சுற்றியும், தோள்பட்டைகளிலும் வெளிர் புள்ளிகள். சில இடத்தில் ஒன்றோடு ஒன்று சேர்ந்து திட்டாக இருந்தன.

அப்பா வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். அத்தை பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"தேமல்ணா," என்றாள். "வேர்வைல வர்றது. அரிக்குதாடி?"

"அரிக்குது அத்த."

"பாத்தியா. எனக்கு அரிக்கவே இல்ல. சொரண்டிப் பாரு, தவிடு மாதிரி உதிரும். எனக்கு வந்தது இப்படி வரல."

"நீ சும்மா இரு," என்றார் அப்பா. அவர் அவளிடம் குரலை உயர்த்தியதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்குக் காரணம் இருந்தது. அத்தைக்கு முதல் புள்ளி வந்தபோது, ஒரு டாக்டர் பார்த்துவிட்டு இதே வார்த்தையைத்தான் சொன்னாராம்: தேமல், போய்விடும். அதை நம்பித்தான் அப்பா அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். கொண்டுவந்து விட்டுப் போன அன்று, தெரிந்தே தலையில் கட்டிவிட்டாய் என்று அவள் மாமனார் நடுத்தெருவில் நின்று அப்பாவைக் கேட்டிருக்கிறார். அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள் இரண்டாவது முறை வந்தபோது அப்பாவால் அதை உள்ளே விட முடியவில்லை.

அம்மா வேறு விதமாக நினைத்தாள். அன்று மாலையே கொடியில் கிடந்த அத்தையின் ஜாக்கெட்டுகளை, கடலூர் போய் வந்த இரண்டையும், போகாதவற்றையும், வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள். "நாந்தான் அப்பவே வேணாம்னேனே," என்று அத்தை சொன்னாள், யாரையும் பார்க்காமல். ஒட்டுகிற வியாதி இல்லை என்று சித்திரையில் சொன்ன அப்பா, வைகாசியில் அடுப்புப் பக்கம் வரவே இல்லை. மறுநாளிலிருந்து அத்தையின் தட்டும் டம்ளரும் தனியாகக் கழுவப்பட்டன.

அம்மா ஜாக்கெட்டைச் சொன்னாள். அப்பா எங்கள் ரத்தத்தைச் சொன்னார். துண்டை யாரும் சொல்லவில்லை.

அந்த வாரமே அப்பா திண்டிவனம் போய் மாப்பிள்ளை வீட்டில் நேரில் சொல்லிவிட்டு வந்தார். போகும் முன் அம்மா கேட்டாள்: "வேலூர்ல ஒரு பெரிய டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் சொல்லலாமே?"

"டாக்டர் சொன்னத கேட்டுத்தான் ஒருத்தி வாழ்க்க போச்சு. மறைச்சு குடுத்தா அது குடும்பம் இல்ல."

அவர் யோக்கியமான மனிதர். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அவர் செய்ததில் ஒரு துளி சுயநலம்கூட எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தனியாக வந்தார். வெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருந்தார். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா சமையலறையில் நிலைக்கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முறம், அதில் அரிசி. கைகள் அரிசிக்குள் இருந்தன.

"மாமா, எங்கம்மா கொஞ்சம் பயப்படுறாங்க, வாஸ்தவம்தான்," என்றார் அவர். "நான் பேசி சரி பண்ணிட்டேன். எனக்கு இதுல ஒண்ணும் இல்ல. நாள் குறிச்சது குறிச்சபடி இருக்கட்டும்."

அப்பா விசிறியை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்க நல்லவரு, தம்பி," என்றார்.

அதுவரைக்கும் அவரை அப்பா "மாப்ள" என்றுதான் கூப்பிட்டு வந்தார். சமையலறையில் அக்காவின் கைகள் நின்றுவிட்டன.

"நல்லவரா இருக்கறதாலதான் சொல்றேன். இன்னிக்கு கழுத்துல இருக்கு. நாளைக்கு மூஞ்சிக்கு வரும். எந்தங்கச்சிக்கு அப்படித்தான் வந்துச்சு. அப்ப உங்களால முடியாது. யாராலயும் முடியாது. அன்னிக்கு அவள கூட்டிக்கினு வந்து விடுவீங்க. அத இன்னொரு தபா நான் பாக்க மாட்டேன்."

"நான் அப்படி விட மாட்டேன் மாமா."

"அவனும் அப்படித்தான் சொன்னான்."

மாப்பிள்ளை தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "அவங்கள ஒரு வார்த்த கேக்கலாமே," என்றார்.

"அவ நான் சொன்னா கேப்பா," என்றார் அப்பா.

அது உண்மை. அதனால் யாரும் அவளைக் கேட்கவில்லை. மாப்பிள்ளை எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். நான் திரும்பி உள்ளே வந்தபோது அக்கா அரிசியைப் புடைக்கத் தொடங்கியிருந்தாள். அழவில்லை. அந்த வீட்டில் அந்த வருடம் யாரும் அழுது நான் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் வேலையைச் செய்தோம். அப்பா கோர்ட்டுக்குப் போனார். நான் புதிய வகுப்புக்குப் போனேன்.

ஆடி பிறந்த பிறகு, மத்தியானத்தில் அம்மா கண்ணயரும் நேரம், கிணற்றடியில் அத்தை அக்காவின் பின்னால் உட்கார்ந்து தேமலுக்குப் போடும் சீமை அகத்தி இலையைக் கசக்கிக் கழுத்தில் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். விரல் படாமல், இலையைப் பந்து போல உருட்டி அதனாலேயே தேய்ப்பாள். "கையாலயே தேய் அத்த, கூசுது," என்று அக்கா ஒருநாள் சொன்னாள். அத்தை கையால் தேய்க்கவில்லை. சாறு பச்சையாக அக்காவின் முதுகில் வழிந்தது.

ஆவணியில் அந்த முகூர்த்த நாள் வந்தது. அது ஒரு புதன்கிழமை. அம்மா வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்து, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், பரணில் இருந்த பாத்திரங்களை இறக்கித் தேய்த்தாள். கல்யாணத்துக்கு வாங்கியவை. தேய்த்து மறுபடி ஏற்றிவிட்டாள்.

பிறகு மழை தொடங்கியது. ஐப்பசியில், அடைமழை விட்ட ஒரு காலையில், அம்மா அக்காவின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் முடியைத் தூக்கிப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். ஜாக்கெட்டை முதுகில் இறக்கிப் பார்த்தாள். அக்காவின் தோல் அவளுடைய பழைய தோலாகவே இருந்தது. எங்கே புள்ளிகள் இருந்தன என்று காட்டச் சொன்னால் காட்ட முடியாது.

தேமல் பற்றிப் பின்னால் நிறையப் படித்தேன். அது எல்லோர் தோலிலும் சும்மா இருக்கும் ஒரு பூஞ்சை. வெப்பமும் வியர்வையும் ஈரமும் நாள்கணக்கில் மூடியிருந்தால் வளரும். உலர்ந்தால் அடங்கும், நிறம் திரும்பி வரச் சில மாதங்கள் பிடிக்கும். ஒரு பத்தியில் சொல்லி முடித்திருந்தார்கள்.

அம்மா கூப்பிட்டு அப்பா வந்து பார்த்தார். இந்தத் தடவையும் வெளிச்சத்துக்குத் திருப்பித்தான் பார்த்தார். "சரி," என்றார். அத்தை கிணற்றடியில் இருந்தாள். அவளை அவர் கூப்பிடவில்லை. அன்று அவர் கோர்ட்டுக்குப் போனார். மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் திண்டிவனம் போனார். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அக்கா அன்று காலை நல்ல புடவை ஒன்றைக் கட்டியிருந்தாள், அரைக்கை ஜாக்கெட்டோடு.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி அப்பா திரும்பி வந்தார். வேட்டி முழங்கால்வரை சேறு. கால் கழுவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் அம்மா.

"வாசல்ல வாழமரம் கட்டியிருக்குது. நாளைக்குக் காலைல முகூர்த்தம். செங்கல்பட்டுப் பக்கம் பொண்ணு."

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா நின்றபடியே கேட்டாள்: "அவரு உங்கள பாத்தாராப்பா?"

"பாத்தாரு. வெளிய வந்து, வாங்க மாமா, சாப்ட்டுட்டுப் போங்கன்னாரு. இந்தப் பக்கமா ஒரு வேலையா வந்தேன்னு சொல்லிட்டேன்."

"சாப்ட்டுட்டு வந்திருக்கலாமில்ல. மழைல பசியோட."

அக்கா உள்ளே போய்த் தட்டு வைத்தாள். அவருக்குப் பரிமாறினாள். அவர் வரட்டும் என்று அவளும் அதுவரை சாப்பிடாமல் இருந்ததால், தனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கத்திரிக்காய்க் குழம்பு. அப்பா குழம்புச் சோற்றோடு கையைக் கழுவிவிட்டார். அக்கா மோருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைந்து, நிதானமாக, தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.